எண் இல்லாத பிளேட்டுகள்

"உன் பத்து கிலோ பத்து கிலோ இல்ல," என்றாள் கோமதிநாயகி.

பயிற்சியாளர் பெனிட்டா ஜிம்மின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எவ்வளவு மேடம் இருக்கு?"

"ஒரு பிளேட்டு ஒன்பது கிலோ நானூறு. இன்னொண்ணு பத்தே கால். வீட்டுலேருந்து என் தராசக் கொண்டாந்து நாலையும் நிறுத்துப் பாத்துட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வச்சிருக்க?"

"அந்த ரெண்டையும் ஒரே ராடுல மாட்ட மாட்டேன். ஒரு பக்கம் சாயும்."

அவ்வளவுதான் பதில்.

கோமதிநாயகிக்கு அறுபது வயது. கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கும் முத்திரை ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் இருந்தவள். அவள் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளி தானாகக் கழன்று விழும் என்று பாளையங்கோட்டையில் சொல்வார்கள். ஓய்வு பெற்றும் கண் மாறவில்லை. கீரை விற்பவளின் கட்டைவிரலைத்தான் முதலில் பார்ப்பாள்.

உடம்பைக் குறைக்க ஜிம்முக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பெனிட்டாவிடமும் அப்படித்தான்.

உண்மை வேறு.

கணவர் சிதம்பரநாதனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க ஓய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரை மாற்றப் போனாள்.

"நீங்க அறுபத்திரண்டு கிலோ. எனக்குத் தெரியும். தூக்கிருவேன்," என்றாள்.

பாதியில் அவள் முழங்கால் மடங்கியது. அவர் சரிந்தார். நெற்றியில் மூன்று தையல்.

அன்றிலிருந்து அவள் கிட்டே போனாலே அவர் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். எதிர்வீட்டு அருளப்பன் வந்தால்தான் விடுவார். அருளப்பன் வேலைக்குப் போன பிறகு சாயங்காலம்வரை படுக்கைதான்.

அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் மாதம் கோமதிநாயகி மறுபடி பெனிட்டாவைப் பிடித்தாள்.

"ஒரு கிலோ கூடக் குறையல. நீ என்னை ஏமாத்துற, இல்ல உன் எடை மெஷின் ஏமாத்துது."

"பாவாடை நாடா எப்படி மேடம்?"

கோமதிநாயகி கொஞ்சம் யோசித்தாள்.

"நாலு விரல் மிச்சம் வருது."

"ரவிக்கைக் கை?"

"பிடிக்குது."

பெனிட்டா தலையாட்டிவிட்டு அடுத்தவளிடம் போனாள்.

கோமதிநாயகிக்கு அது பதிலாகப் படவில்லை. நழுவலாகப் பட்டது. முப்பத்தொரு வருடத்தில் இப்படி நழுவியவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் ஜிம்முக்குப் போனபோது பெயிண்ட் வாசனை அடித்தது. பிளேட்டுகள் எல்லாம் கறுப்பு. எண்கள் இருந்த இடமும் கறுப்பு.

"என்ன வேலை இது? எங்க துறையில இதுக்குக் கேஸ் போடுவோம்."

"போடுங்க மேடம். மொதல்ல ராடு பக்கத்துல நில்லுங்க."

"இதுல எவ்வளவு இருக்கு?"

"தூக்கிட்டுச் சொல்லுங்க."

"தூக்குனா எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்."

திரும்பிப் போய்விடலாம் என்று செருப்பு வரைக்கும் வந்தாள். வீட்டில் அவர் படுத்திருக்கும் நினைப்பு வந்தது. திரும்பி வந்து ராடு பக்கத்தில் நின்றாள்.

ஆனால் சந்தேகம் விடவில்லை. நேற்றைவிட இன்று லேசாக இருந்தால், இவள் எடையைக் குறைத்து மாட்டித் தன்னைக் குஷிப்படுத்துகிறாள் என்று தோன்றியது. கனமாக இருந்தால், பழி வாங்குகிறாள் என்று தோன்றியது. ஒரு நாள் பெனிட்டா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, மாட்டியிருந்த பிளேட்டுகளின் ஓரத்தில் ஊக்கால் கீறல் போட்டாள்.

அடுத்த வாரம் குனிந்து பார்த்தாள். கீறல் போட்ட பிளேட்டுகள் அப்படியே இருந்தன. பக்கத்துக்கு ஒன்றாகக் கீறல் இல்லாத பிளேட்டு இரண்டு கூடியிருந்தன.

அது அவளை இன்னும் தொந்தரவு செய்தது. யோக்கியமானவள் ஏன் எண்ணை மறைக்க வேண்டும்?

"பெனிட்டா, எனக்கு நம்பர் வேணும்," என்றாள்.

"எதுக்கு?"

"வீட்டுல ஒருத்தர் அறுபத்திரண்டு கிலோ இருக்கார்."

அதுவரை சொல்லாததை அப்போது சொன்னாள். நெற்றித் தையலையும் கட்டில் கம்பியையும் சொன்னாள். சொல்லும்போது பெனிட்டாவின் முகத்தைப் பார்க்காமல் ராடையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெனிட்டா கேட்டு முடித்தாள். மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைகளைத் தொங்கவிட்டாள். தலையும் ஒரு பக்கம் சாய்ந்தது.

"தூக்குங்க."

"நீ எவ்வளவு இருப்ப?"

பெனிட்டா கண்களை மூடிக்கொண்டாள்.

கோமதிநாயகி சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. பெனிட்டாவின் அக்குளுக்கடியில் கைகளைக் கொடுத்து, முதுகை நேராக்கி, முழங்காலை மடக்கினாள். மூன்று மாதமாகச் செய்த அதே மடக்கல். எழுந்தாள். முழு ஆளும் அவள் தோளில் சாய்ந்து கிடந்தது. மெல்லத் திரும்பி, பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

மூச்சு வாங்கியது.

"நான் விட்டிருந்தா?"

"விழுந்திருப்பேன்."

"அப்புறம் ஏன் கண்ண மூடுன?"

பெனிட்டா எழுந்து போய் ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்தாள். மாடிப்படியில் அடுத்த பெண்ணின் காலடி கேட்டது.

வீட்டுக்கு வந்து கோமதிநாயகி முகம் கழுவினாள். சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினாள். அதன் பூட்டைப் போட்டாள். சிதம்பரநாதனின் கை கம்பிக்குப் போனது.

"அருளப்பன் வரட்டும்," என்றார்.

"நான் தூக்குறேன்."

"இப்ப எத்தன கிலோ தூக்குவ?"

"தெரியாது."

அவர் தலையைத் திருப்பினார்.

"நான் எவ்வளவு இருக்கேன் இப்ப?"

"அதுவும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாமலா தூக்க வந்திருக்க?"

"ஆமா."

கல்யாணமான முப்பத்தைந்து வருடத்தில் அந்த வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. அவள் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கம்பியை விட்டார்.