இரும்பு மலையும் ஒரு 'வரை'யும்

எதிராச பூபதி ஆண்ட சின்னஞ்சிறு நாட்டில் ஓர் இரும்பு மலை இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்தவர் ராஜாவின் மைத்துனர் கோதண்டராயர். எடுத்ததும் மலையைச் சுற்றி வேலி போட்டார். ஆனால் ஒரு கல்லைக்கூடத் தோண்டவில்லை. போர் வந்தால் இரும்பு விலை ஏறுமே, அதற்காகக் காத்திருந்தார். போரும் வருவதாக இல்லை.

பதினைந்தாம் வருஷம் செம்மாயி என்ற இடைச்சி அவைக்கு வந்தாள்.

"சாமி, ஊற்று வேலிக்கு உள்ளே இருக்கு. என் ஆடுங்க வெளியே நின்னு தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே சாகுதுங்க."

ராஜா மைத்துனரைப் பார்த்தார். "குத்தகை பத்து வருஷம்தானே?"

ராயர் ஓலையை நீட்டினார். "'பத்து ஆண்டும், அதன் பின் இரும்புக்கல் எடுக்கும் வரையும்' என்று இருக்கிறது. நான் இன்னும் எடுக்கவே இல்லையே! எடுக்கும் வரை மலை என்னுடையது."

அவையில் ஓலை வாசிக்கும் பிச்சாண்டி தலையாட்டினார்.

"ராயர் சொல்வது நியாயம். ஆனால் அந்த மலையில் இரும்பே கிடையாது என்கிறார்களே! இல்லாத இரும்புக்குக் குத்தகை எப்படிச் செல்லும்?"

"எவன் சொன்னான்?" என்று ராயர் குதித்தார். "நாளைக்கே காட்டுகிறேன்!"

மறுநாள் பூசணிக்காய் அளவு கல்லோடு வந்து நின்றார்.

"ஆற்றங்கரையில் பொறுக்கியதோ?" என்றார் பிச்சாண்டி.

"மலையின் வயிற்றிலிருந்து! நானே நின்று தோண்டி எடுத்தேன்!"

"கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை."

"எடுத்தேன்! எடுத்தேன்!"

"சரி, எடுத்தாயிற்று. 'எடுக்கும் வரை' முடிந்தது. வேலியைப் பிரிக்கச் சொல்லுங்கள், மகாராஜா."

ராயர் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டார். "இல்லை இல்லை! தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கும் வரை என்பதுதான் பொருள்!"

"அப்படியா? பதினைந்து வருஷம் நீர் எடுக்கவே இல்லை. அப்படியானால் குத்தகை ஐந்து வருஷம் முன்பே செத்துப்போயிற்று. நேற்று நீர் தோண்டியது அரண்மனை மலை. அதற்குப் பெயர் திருட்டு. எந்தப் பொருள் வசதி?"

ராயர் கல்லை மெல்லக் கீழே வைத்தார். "முதல் பொருளே இருக்கட்டும்."

அன்று மாலையே செம்மாயியின் ஆடுகள் ஊற்றில் வாய் வைத்தன.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பிச்சாண்டி, என்ன பரிசு வேண்டும்?"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. மைத்துனர் கொண்டுவரும் அடுத்த ஓலையைப் படித்துவிட்டு முத்திரை வையுங்கள்."