முதுகைத் திருப்பி உக்காந்த மேற்கு கேலரி

ஆவரம்பட்டி யங் ஸ்டார்ஸ் ஹாக்கி டீம் வரிசையா பதினோராவது மேட்ச்சையும் தோத்த மறுநாள் காலையில, கொம்பையா மூச்சு வாங்க மடத்துக்குப் படியேறினாரு.

மடம்னா பெருசா ஒண்ணும் நினைச்சுக்க வேண்டாம். ஊருக்கு வடக்க ஒரு பாறை. பாறை மேல ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்குள்ள ஒரு சாமி. பெரிய சாமி போய்ச் சேர்ந்த பிறகு இப்ப இருக்கறது சின்னச் சாமி. வயசு முப்பத்திரெண்டுதான். கொம்பையாவுக்கு அம்பத்தெட்டு. பெரிய சாமிக்குச் சீடரா இருந்தவரு, வீட்டோட சேர்த்து அண்டா குண்டானும் கைமாறுற மாதிரி சின்னச் சாமிக்கு வந்து சேர்ந்துட்டாரு. சாமி இவரை அண்ணாச்சிம்பாரு. இவரு அவரைச் சாமிம்பாரு. ரெண்டு பேருக்கும் அதுல ஒரு சங்கடமும் இல்ல.

சாமி முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாரு.

"உக்காருங்க அண்ணாச்சி. தோத்துட்டாங்களாமே."

"அதைப் பத்திப் பேசாதீங்க சாமி," ன்னாரு கொம்பையா. பிறகு ஒரு மணி நேரம் அதைப் பத்தி மட்டும்தான் பேசினாரு.

கோல் கீப்பர் சுயம்பு, பந்து வந்தா மாமனாருக்கு வழிவிடுற மாதிரி ஒதுங்கி நிக்கிறானாம். நடுவுல ஆடுற பேச்சிமுத்து ஓடுறதைப் பாத்தா ரேஷன் கடைக்குப் போறவன் மாதிரி இருக்காம், அதுவும் கடை பூட்டியிருக்கும்னு தெரிஞ்சே போறவன் மாதிரி. முன்னாடி ஆடுற ரூபன், கமிட்டிச் செயலாளரோட அக்கா மகன். அந்த ஒரு தகுதியை வச்சே ஒம்பதாம் நம்பர் சட்டையை மாட்டிக்கிட்டான். கோச்சை இந்த வருசம் மட்டும் மூணு தடவை மாத்தியாச்சு. இப்ப இருக்கறவருக்குப் பசங்க பேரே தெரியாது, சட்டை நம்பரைச் சொல்லித்தான் திட்டுறாரு. கமிட்டில ஏழு பேரு. ஏழு பேருக்கும் மேடையில சோடா வருது, பசங்களுக்குக் குடிக்க ஒரு குடம் தண்ணி கிடையாது.

கீரை ஆஞ்சு முடிஞ்சுது. கொம்பையா பேசி முடியல.

தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்துற மேஸ்திரியா இருந்து ஓய்வு வாங்குன மனுசன். மேற்கு கேலரி ரசிகர் மன்றத்துக்கு இருபத்தாறு வருசமா அவருதான் தலைவர். மகள் கல்யாணத்தன்னிக்கு, தாலி கட்டுனதைப் பாத்த கையோட கிரவுண்டுக்குக் கிளம்பிட்டாரு. பந்தியில இவரைத் தேடித் தேடிச் சலிச்ச சம்மந்தி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச பிறகும் முகம் குடுத்துப் பேசுறதில்ல. அன்னிக்கும் டீம் தோத்துச்சு.

கடைசியா சட்டைப்பையில இருந்து நாலா மடிச்ச தாளை எடுத்தாரு.

டீமுக்குப் பணம் குடுக்கறது நூல்மில் முதலாளி, கிரவுண்டும் அவரோடதுதான். போன வாரம் ரசிகர் மன்றத்துக்காரங்க போய் அவருகிட்ட கத்தினப்ப, அவரு ரொம்ப நிதானமாச் சொல்லியிருக்காரு: டீம் வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுங்க, ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் டீமைக் கலைச்சிட்டு அந்தக் கிரவுண்டுல பருத்திக் குடோன் கட்டிக்கிறேன், ஒங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. வந்த கோவத்துல முன்னூறு பேரு கையெழுத்துப் போட்டாச்சு. தலைவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"போடவா சாமி, வேண்டாமா?"

சாமி காம்பையெல்லாம் கூட்டி ஒரு ஓரமா ஒதுக்கினாரு.

"நான் ஹாக்கி பாத்ததே இல்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போங்க."

கொம்பையா நெளிஞ்சாரு. ஞாயித்துக்கிழமை வந்து பிரயோஜனம் இல்லைன்னாரு. அன்னிக்கு அவங்களே மேட்ச் பாக்கப் போறதில்லையாம். கேலரி முழுக்க நிறைஞ்சு உக்காரணும், ஆனா கிரவுண்டுக்கு முதுகைக் காட்டி உக்காரணும், பாதி ஆட்டம் முடியிற வரைக்கும் ஒருத்தனும் திரும்பக்கூடாது. மன்றத்துல தீர்மானம் போட்டாச்சு. திரும்புறவனுக்குப் பாதி மீசையை எடுத்துடணும். சவரக்கடைக்காரரும் மன்றத்துல உறுப்பினருங்கறதால அதுல ஒரு சிரமமும் இல்ல.

"நீங்க பாக்க வேண்டாம்," ன்னாரு சாமி. "நான் பாத்துக்கிறேன்."

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். தூத்துக்குடி டீமோட மேட்ச். மேற்கு கேலரிக்குப் பின்பக்கம் ஒரு உசரமான சுவரு. அதுல ஒரு மாட்டுத் தீவன விளம்பரம். தீவனம் தின்ன சந்தோசத்துல ஒரு மாடு பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருக்கும். விசில் ஊதினதும் முன்னூறு பேரும் ஒரே நேரத்துல கிரவுண்டுக்கு முதுகைத் திருப்பி மாட்டைப் பாத்து உக்காந்தாங்க. எதிர்ப்பக்கம் மேடையில இருந்த கமிட்டிக்காரங்களுக்கு, வரிசை வரிசையா முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது.

காவி வேட்டியோட சாமி மட்டும் கிரவுண்டைப் பாத்து உக்காந்திருந்தாரு. அவருக்கும் கொம்பையாவுக்கும் தோளோட தோள் இடிச்சுது, முகம் மட்டும் ஆளுக்கொரு திசை.

கொஞ்ச நேரம் கழிச்சு சாமி மெதுவாச் சொன்னாரு.

"அண்ணாச்சி, ஒண்ணும் விளங்கல. ஆளுக்கொரு கம்பை வச்சிக்கிட்டு எல்லாரும் ஒரே பக்கமா ஓடுறாங்க. என்ன நடக்குது?"

"எனக்கு எப்படிச் சாமி தெரியும். நான் மாட்டையில்ல பாத்துக்கிட்டு இருக்கேன்."

கிரவுண்டுல டொக்குனு ஒரு சத்தம்.

கொம்பையா மாட்டைப் பாத்தபடியே முனகினாரு. "அது பேச்சிமுத்து. வலது பக்கம் தள்ளி விடுதான். அவன் ஸ்டிக்குல டேப்பு சுத்தியிருக்கு, சத்தம் அமுங்கித்தான் கேக்கும்."

சாமி பாத்தாரு. அஞ்சாம் நம்பர்க்காரன் ஒருத்தன் பந்தை வலது பக்கமாத்தான் தள்ளி விட்டிருந்தான்.

"ஆமா. இப்ப?"

"இப்ப அது ரூபன்கிட்டப் போகும். அவன் விட்ருவான்."

"விட்டுட்டாரு."

"சொன்னேன்ல. இனி பந்து நம்ம பக்கம் திரும்பும். கேளுங்க, இந்த ஓட்டம் வேற. தூத்துக்குடிக்காரனுவ பூட்ஸ் புதுசு, நறுக்கு நறுக்குனு மண்ணைக் கடிக்கும். நம்ம பயலுவ பூட்ஸ் இழுக்கும். ரெண்டு வருசமாச்சு, கமிட்டி புதுசு வாங்கித் தரல."

சாமி தலையாட்டினாரு. கொம்பையா அதைப் பாக்கல. அவரு கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு.

அதுக்குள்ள ரெண்டு வரிசை தள்ளி, மன்றத்துத் துணைத் தலைவர் ஊர்க்காவலன் தாங்க முடியாம, "ஏல, இடது பக்கம் ஆளு நிக்கான்ல, அங்க குடுல," ன்னு மாட்டைப் பாத்துக் கத்திட்டாரு. அவரு ஆரம்பிச்சதுதான். அடுத்த நிமிசத்துல முன்னூறு பேரும் மாட்டுக்கு ஹாக்கி சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒருத்தன் 'பின்னாடி வா'ங்கறான், ஒருத்தன் 'ஆளைப் பிடி'ங்கறான், இன்னொருத்தன் 'வட்டத்துக்குள்ள போ'ங்கறான். எதிர் மேடையில இருந்து ஒரு ஆளை அனுப்பி, கேலரியில யாரைத் திட்டுறாங்கன்னு விசாரிச்சிட்டு வரச் சொன்னாங்க. வந்தவன் மாட்டையும் இவங்களையும் மாறி மாறிப் பாத்துட்டு, வந்த வழியே திரும்பிப் போனான்.

நடுவுல தூத்துக்குடி ரெண்டு கோல் போட்டுருச்சு. அதை யாரும் சாமிக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் வரல. கேலரி முழுக்க ஒரே மாதிரி பெருமூச்சு விட்டுச்சு.

மறுபடி நறுக்கு நறுக்குனு ஓட்டம் நெருங்கிச்சு. பலமா ஒரு அடி. பிறகு தொப்புனு ஒரு சத்தம்.

"சுயம்பு தடுத்துட்டான்," ன்னாரு கொம்பையா. "இடது கால் பேடு. கிழிஞ்ச பேடு சாமி அது, உள்ள பஞ்சே கிடையாது. காலுலயே படும்."

இன்னொரு அடி. இந்தத் தடவை தொப்புனும் கேக்கல, டொக்குனும் கேக்கல. படிக்கல்லுல தேங்காயை அடிச்ச மாதிரி ஒரு சத்தம். விசில் ஊதிச்சு. அப்புறம் ஒண்ணுமே கேக்கல.

கொம்பையா காத்திருந்தாரு. சுயம்பு விழுந்தா, எந்திரிக்கும்போது ஒரு கெட்ட வார்த்தை சொல்லுவான். பதினாறு வயசுல டீமுக்கு வந்த நாள்ல இருந்து அதே வார்த்தைதான். கேலரி வரைக்கும் கேக்கும். கூட்டத்துல பொம்பளைங்க இருந்தா முகத்தைச் சுளிப்பாங்க, கொம்பையாவே பல தடவை கூப்பிட்டுக் கண்டிச்சிருக்காரு.

அந்த வார்த்தை வரல.

"சாமி. அவன் எந்திரிச்சிட்டானா?"

"யாரு அண்ணாச்சி?"

"சுயம்பு, சாமி. சுயம்பு."

"இங்க பதினஞ்சு பேரு கூடி நிக்கிறாங்க. இதுல சுயம்பு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கொம்பையா திரும்பிட்டாரு.

கோல் கம்பத்துக்கு நடுவுல சுயம்பு மல்லாக்கக் கிடந்தான். முழங்காலுக்குக் கீழ பந்து பட்டிருக்கு. அவன் தலையைத் தூக்கித் தன் மடியில வச்சிக்கிட்டு, வேடிக்கை பாத்துக்கிட்டிருந்த ஒரு சிறுசு கையில இருந்து பிடுங்கின பாட்டில் தண்ணியை ஊத்திக்கிட்டு இருந்தது ரூபன். செயலாளரோட அக்கா மகன். அவசரத்துல பாதித் தண்ணி ரூபன் சட்டையிலதான் கொட்டுச்சு.

சுயம்பு ஒருக்களிச்சான். கம்பைப் பிடிச்சான். எந்திரிச்சான். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னான்.

கொம்பையாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இவ்வளவு அசிங்கமான ஒரு வார்த்தைக்கு இதுவரைக்கும் யாரும் கண் கலங்கியிருக்க மாட்டாங்க.

ஊர்க்காவலன் மாட்டைப் பாத்தபடியே, ஆனா ஓரக்கண்ணால எல்லாத்தையும் கவனிச்சுச் சொன்னாரு. "தலைவரே. மீசை."

"எடுத்துக்கோங்கல. ரெண்டு பக்கமும் எடுத்துக்கோங்க. இப்ப அவனுக்குச் சத்தம் குடுங்க."

அப்படிச் சொன்னதுதான் தாமதம், மேற்கு கேலரி மொத்தமும் திரும்பிருச்சு. அன்னிக்கு அவங்க போட்ட சத்தத்துல, சாமி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு.

ஆனாலும் தோத்துத்தான் போனாங்க. ஒண்ணுக்கு மூணு. சத்தம் போட்டா கோல் விழும்னா ஆவரம்பட்டி எப்பவோ உலகக் கோப்பை வாங்கியிருக்கும். பன்னெண்டாவது தோல்வி.

மேட்ச் முடிஞ்சதும் முதலாளி கேலரிப் பக்கம் தானே நடந்து வந்தாரு. நல்ல மனுசன்தான், நூலைத் தவிர வேற எதுலயும் பெரிய ஆசை கிடையாது. கையை நீட்டினாரு.

"லெட்டர் ரெடியா கொம்பையா?"

கொம்பையா தாளை எடுத்தாரு. குடுக்கல.

"இதுல தப்பா எழுதிட்டோம் மொதலாளி. டீம் வேண்டாம்னு எழுதியிருக்கு. நாங்க கேக்க வேண்டியது பூட்ஸு, பேடு, பசங்க பேரு தெரிஞ்ச ஒரு கோச்சு. இதைக் குடுக்காத கமிட்டி வேண்டாம்."

முதலாளி சிரிச்சாரு. பொறுமையா விளக்கினாரு. கமிட்டிய மாத்துறது அவரு கையில இல்ல, முறைப்படி தேர்ந்தெடுத்தது, இன்னும் ரெண்டு வருசம் பதவி இருக்கு. டீமை மூடணும்னா இன்னிக்கே மூடலாம். மூட வேண்டாம்னா அதுவரைக்கும் இதே கமிட்டி, இதே ஆட்டம், இதே தோல்விதான். எது வேணும்னு கேட்டாரு.

முன்னூறு பேரும் கொம்பையா வாயைப் பாத்தாங்க.

"மூட வேண்டாம்," ன்னாரு கொம்பையா. முன்னூறு கையெழுத்தையும் முதலாளி கண்ணு முன்னாலயே ரெண்டாக் கிழிச்சாரு.

முதலாளி தோளைக் குலுக்கிட்டுக் காருல ஏறிப் போயிட்டாரு.

கார் போன பிறகு கொம்பையா படியில உக்காந்துட்டாரு. கிரவுண்டுல பேச்சிமுத்து தோள்ல கையைப் போட்டு சுயம்பு நொண்டிக்கிட்டுப் போறான். அந்தப் பக்கம் மேடையில ஏழு பேரும் இன்னும் எந்திரிக்கல. எதையோ பேசிச் சிரிக்கிறாங்க.

"ரெண்டு வருசம் சாமி," ன்னாரு. "கத்தியாச்சு, மனு குடுத்தாச்சு, முதுகையும் காட்டியாச்சு. இவனுவ அசைய மாட்டானுவ. இன்னும் ரெண்டு வருசம் பதவி வச்சிருக்கானுவ. நான் என்ன செய்ய?"

சாமி வேட்டியில ஒட்டியிருந்த புழுதியைத் தட்டினாரு.

"அவங்களுக்கு ரெண்டு வருசம்தான பதவி," ன்னாரு. "ஒங்க ரசிகர் பதவிக்கு எத்தனை வருசம் அண்ணாச்சி?"

கொம்பையா எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. மேடையைப் பாத்து நடக்க ஆரம்பிச்சாரு.