பூட்டுக்காரர் வீட்டுக்குள்ள மலைக்கோட்டை

ஒரு ஊர்ல ஒரு பூட்டுக்காரர் இருந்தாரு கண்ணு. எந்த ஊருன்னா, திருச்சி. மலைக்கோட்டை அடிவாரத்துல, ஒரே ஒரு ஆளு உக்கார்ற அளவுக்குக் கடை, மேல ஒரு நீலத் தார்ப்பாய். அவர் பேரு மருதமுத்து. சாவி தொலைச்சவங்க, பூட்டு துருப்பிடிச்சவங்க எல்லாம் அவர்கிட்டதான் வருவாங்க. குனிஞ்ச தலை நிமிராம அரத்தை வெச்சு க்ரீச் க்ரீச்னு ராவிக்கிட்டே இருப்பாரு.

என்ன, ம் கொட்டு. ஆங்.

அவர் பொண்டாட்டி பேரு அகிலாண்டம். பிள்ளைகுட்டி கிடையாது. வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா அந்தம்மா உச்சிப் பிள்ளையாரைப் பாக்க மலையேறப் போயிடும். போறப்போ கடை வாசல்ல நின்னு, "இன்னைக்காவது கூட வர்றீங்களா?"ன்னு கேக்கும். "வேலை கிடக்கு, நீ போய்ட்டு வா"ம்பாரு இவரு. இப்படியே முப்பது வருஷம். அது தனியா ஏறும், தனியா எறங்கும்.

அப்புறம் ஒரு நாள் காலைல அந்தம்மா அடுப்படியில தொப்புனு விழுந்துருச்சு. வலது கையும் காலும் இழுத்துக்கிச்சு. பேச்சும் போயிருச்சு. ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்து கட்டில்ல படுக்க வெச்சாரு. கஞ்சி ஊட்டுனா குடிக்கும். மத்த நேரமெல்லாம் சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடக்கும். வீட்டுல ரெண்டு பேரு, ஆனா ஒரு சத்தம் கிடையாது. பல்லி கத்துனாக்கூட யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பாப்பாரு மருதமுத்து.

அப்போ ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் மணி டாண் டாண்னு கேட்டுச்சு. அந்தம்மாவோட இடது கை விரல் ரெண்டு போர்வை மேல மெதுவா நடக்குது. எப்படின்னு காட்டுறேன், உன் கையைக் குடு. இந்த விரல் ஒரு படி, இந்த விரல் ஒரு படி. டுக்... டுக்... டுக்...

"அட, இவ மலையேறுறா!"ன்னு புரிஞ்சுது அவருக்கு. "இரு அகிலா, மலையை நான் இங்க கொண்டாந்துடுறேன்"னாரு.

களிமண்ணைக் கொழைச்சு, கடையில இருந்து பாத்தா எப்படித் தெரியுமோ அப்படியே ஒரு மலை செஞ்சாரு. உச்சியில குட்டியா ஒரு கோயில். கட்டில் பக்கத்துல ஸ்டூலு போட்டு வெச்சாரு. அந்தம்மா விரலை வெச்சுச்சு. சர்ர்ருனு வழுக்கிருச்சு! படியே இல்லையே! படியெல்லாம் பாறைக்குள்ள குடைஞ்சுல்ல போகுது, கீழ இருந்து பாத்தா எப்படித் தெரியும்? அந்தம்மா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரம்மாவைப் பாத்துக்கச் சொல்லிட்டு அவரே ஏறுனாரு. பாதி மலையில தாயுமானவர் சன்னதி. அதுக்குள்ள மூச்சு புஸ் புஸ்னு வாங்குது, நெஞ்சு திக் திக்குங்குது. "இது போதும், மேலயும் இப்படித்தான் இருக்கும்"னு எறங்கி வந்துட்டாரு. இந்தத் தடவை பேப்பர் கூழ்ல மலை. ஒரு பக்கத்தைப் பலாப்பழம் மாதிரிப் பொளந்து, உள்ள தீக்குச்சியை வெட்டி வெட்டிப் படி ஒட்டுனாரு. அந்தம்மா விரல் ஏறுச்சு. டுக்... டுக்... பாதி வரைக்கும் நல்லாப் போச்சு. அதுக்கு மேல அவரு குத்துமதிப்பா ஒட்டுன படிதானே? விரல் அங்கயும் இங்கயும் தடவிப் பாத்துட்டு நின்னுபோச்சு. அந்தம்மா அவரையே பாத்துச்சு. கண்ணுல தண்ணி.

முப்பது வருஷமா இவ போன இடம், பாதிக்கு மேல நமக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு அவருக்கு சுருக்குனு குத்துச்சு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

திரும்பவும் ஏறுனாரு. இந்தத் தடவை உக்காந்து உக்காந்து உச்சிக்கே போயிட்டாரு. காத்து விர்ர்ருனு அடிக்குது. அங்க ஒரு அம்மா பெருக்கிக்கிட்டு இருந்துச்சு. அதுகிட்ட, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அகிலாண்டம்னு ஒருத்தி வருவாளே, தெரியுமா?"ன்னு கேட்டாரு.

"பேரு தெரியாதுங்க. தனியா ஒரு அம்மா வரும். சாமி கும்பிட்டுட்டு அந்தா, அந்த மூலையில நிக்கும். கீழ பாத்துக் கையாட்டும். இப்ப கொஞ்ச நாளா காணோம்."

"யாருக்குக் கையாட்டுவா?"

"நானும் கேட்டேங்க. 'எங்க வீட்டுக்காரரு கீழதான் இருக்காரு'ன்னுச்சு. 'அவரு பாப்பாரா?'ன்னேன். 'பாக்க மாட்டாரு, வேலையா இருப்பாரு'ன்னு சிரிச்சுச்சு."

மருதமுத்து அந்த மூலையில போய் நின்னு கீழ பாத்தாரு. நீலத் தார்ப்பாய் தபால் தலை மாதிரி இத்துனூண்டாத் தெரிஞ்சுது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, படியை ஒண்ணு விடாம எண்ணிக்கிட்டே எறங்குனாரு.

மூணாவது மலை செஞ்சு முடிக்க ஒரு மாசம் ஆச்சு. ஒவ்வொரு படியும், ஒவ்வொரு திருப்பமும், உச்சியில அந்த மூலையும் இருந்தது இருந்தபடி வந்துச்சு. அந்தம்மா விரலை வெச்சுது. டுக்... டுக்... இருட்டுப் படி ஏறி, தாயுமானவர் சன்னதியில கொஞ்சம் இளைப்பாறி, அதுக்கு மேலயும் நிக்காமப் போய், உச்சிக்கு வந்து, நேரா அந்த மூலையில போய் நின்னுச்சு.

அப்போ மருதமுத்து கட்டில் ஓரமா கீழ தரையில உக்காந்தாரு. தலையை நிமித்தி மேல பாத்தாரு. பாத்து, கையாட்டுனாரு.

அந்தம்மா அவரைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் இடது கை மலையை விட்டு மெல்ல எழும்புச்சு.

அவ்ளோதான் கண்ணு கதை. ஏறுனது போதும், கையைப் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டு தூங்கு.