ஐஸ் பெட்டிக்கு முதுகு காட்டியவர்

சாவு வீட்டில் சீட்டாடலாமா என்று கேட்காதீர்கள். துபாயிலிருந்து மகள் வந்து சேரும்வரை ஆம்பளைகள் பந்தலில் வேறென்ன செய்வார்கள்?

செத்தவர் சங்கிலி. அவருடைய அண்ணன் ரைஸ்மில் வைரவன் தம்பியோடு பேசிப் பதினோரு வருஷம். காலையில் வந்தவர், தம்பியைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மூணு சீட்டு ஆடினார். பத்து ரூபாய் ஆட்டம்தான். கடைசியில் எதிரே மிஞ்சியது துணி தேய்க்கிற ஆண்டியப்பன் மட்டும்.

வைரவன் பையிலிருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார்.

"நாலாயிரம். வர்றியா, சீட்டைக் கவுத்துட்டுத் தோத்துப் போறியா?"

ஆண்டியப்பன் கையில் ஜோடி ஏழு. பையில் வீட்டு வாடகை. நிஜச் சீட்டா, வெறும் மிரட்டலா?

"என்னடா முழிக்கிற? எங்கிட்ட மூணு ராஜா. என் தம்பி மேல சத்தியம்!"

"அதை அவரு பெட்டியில கைவச்சுச் சொல்லிடுங்க முதலாளி. பேசாம கவுத்துடறேன்."

பந்தலே திரும்பிப் பார்த்தது. வீம்புக்கு எழுந்து போனார் வைரவன். கண்ணாடியில் கைவைத்தார். தம்பியின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். வாய் திறந்தது, சத்தியம் வரவில்லை.

"இல்லடா சங்கிலி..."

மூணு ராஜா என்ன, ஒரு ராஜாகூட இல்லையென்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆண்டியப்பன் ஜெயிக்க வேண்டிய தன் சீட்டைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டு, அவரைப் பிடிக்க ஓடினான்.

பெட்டிமேல் சரிந்தவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட ஒண்ணுமே இல்லடா."