கணக்கு வேறு, நிலை வேறு

அந்தக் காலத்தில் வானம் நகரத் தொடங்கியிருக்கவில்லை. ஒவ்வொரு விண்மீனும் கடலில் ஏதோ ஓர் இடத்துக்கு நேர் மேலே அசையாமல் நின்றது. பறவையும் ஆமையும் மனிதரோடு பேசின.

கரையூரில் கிணறுகள் உப்பாகிப் போனதால் பதினோரு பேர் ஒரு பாய்மரப் படகில் ஊற்றுத்தீவுக்குக் கிளம்பினார்கள். வழி சொல்லும் பொறுப்பு பவளாத்தாளுடையது. தெரிந்த தீவுகளும் பாறைகளும் மணல்திட்டுகளும் செதுக்கிய பலகை ஒன்று அவளிடம் இருந்தது. எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நாள் ஓடினோம் என்று கூட்டிப் பார்த்து அதில் ஒரு கரிப்புள்ளி வைப்பாள். “இதுதான் நாம இருக்கிற இடம்” என்பாள். அதற்கு வேறு பெயர் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் புள்ளி தீவின் மேல் விழுந்தது. எதிரே கடல்தான் இருந்தது. இரண்டு நாள் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். பதினோராம் நாள் சாயங்காலம் பானையில் மூன்று நாளுக்குத்தான் குடிநீர் மிச்சம்.

“நேத்தும் இதுதான் இடம்னிய, மதினி” என்றான் கொழுந்தன் மாசானம். “தீவு நம்மளக் கண்டு பயந்து ஓடுதோ?” யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “விடிஞ்சதும் ஊருக்குத் திருப்பிருவோம்.”

ஊர் ஒன்பது நாள் தூரம். மூன்று நாள் தண்ணீரில் ஒன்பது நாள் ஓட முடியாது என்பது இருவருக்குமே தெரியும்.

பவளாத்தாள் பலகையைப் பார்த்தாள். நீரோட்டம் படகை எவ்வளவு இழுத்தது என்று அந்தப் புள்ளிக்குத் தெரியாது. அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “இது இடம் இல்ல. என் கணக்கு. தப்பாவும் இருக்கலாம்.”

கிளம்பிய நாள் முதல் பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்து வந்த ஆலா என்னும் கடற்குருவி கீழே குனிந்தது. “இத முதல் நாளே சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேனே. எல்லாம் தெரிஞ்சவகிட்ட யாரு வாயக் குடுப்பா?”

“இப்ப சொல்லு.”

“என் பாறைக்கு நேர் மேலே ஆதிரை. உச்சியிலிருந்து அது ஒரு விரல் இறங்கினா நான் வீட்டுலருந்து படகுல ஒரு நாள் ஓட்டம் தள்ளியிருக்கேன்னு அர்த்தம்.”

கடல் விளிம்பும் விண்மீன்களும் சேர்ந்து தெரிகிற அந்திப் பொழுது அது. பவளாத்தாள் கையை நீட்டி, விளிம்பிலிருந்து ஆதிரை வரை விரல் விரலாக அளந்தாள். உச்சிக்கு எட்டு விரல் குறைந்தது. பலகையில் ஆலாவின் பாறையில் ஆணி குத்தி, எட்டு நாள் தூரத்துக்கு நூல் கட்டி, ஒரு வட்டக்கோடு இழுத்தாள்.

“இந்தக் கோட்டுல எங்கயோ இருக்கோம்.”

“எங்கயோன்னா?” என்றான் மாசானம். “கோட்டக் குடிக்க முடியுமா?”

சோற்றுப் பருக்கைக்காகப் படகோடு வந்துகொண்டிருந்த ஆமை தலையைத் தூக்கியது. “என் மணல்திட்டுக்கு மேலே ரோகிணி நிக்குது. அதையும் அளந்து பாரு தாயி.”

ரோகிணி ஐந்து விரல் இறங்கியிருந்தது. இரண்டாவது கோடு முதல் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டியது, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று.

“ரெண்டுல எதுன்னு கேட்டா,” என்றது ஆலா, “அது எங்களுக்குத் தெரியாது.”

பவளாத்தாளுக்குத் தெரிந்தது. அவளுடைய கரிப்புள்ளி தெற்கு வெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வடக்கு வெட்டோ ஏழு நாள் தள்ளி. அத்தனை தூரம் தப்ப அவள் கணக்கு அவ்வளவு மோசமில்லை. தெற்கு வெட்டில் விரலை ஊன்றினாள். அங்கிருந்து ஊற்றுத்தீவு கிழக்கே இரண்டு நாள்.

“இது கணக்கா மதினி, இடமா?”

“நிலை” என்றாள். “கிழக்கே திருப்பு.”

மாசானம் சுக்கானைத் திருப்பினான். மறுநாள் முழுக்க எதுவும் தென்படவில்லை. மாசானம் சுக்கானைத் திசை மாற்றவுமில்லை. அதற்கடுத்த நாள் உச்சிவேளையில் படகின் மூக்குக்கு நேரே தென்னை மரங்கள் எழுந்தன. கரையேறியதும் மாசானம் ஊற்றில் முதல் சிரட்டைத் தண்ணீரை மொண்டு மதினியிடம் நீட்டினான். பதினோரு பேரும் வயிறு முட்டக் குடித்தார்கள்.

அன்று முதல்தான் கடலோடிகள், தாங்களாகக் கூட்டி வைத்த புள்ளியைக் கணக்கு என்றும், ஒற்றை விண்மீன் தருவதைக் கோடு என்றும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்; கோடுகள் வெட்டி, கணக்கும் ஒத்துக்கொண்ட பிறகுதான் வாய் நிறைய ‘நிலை’ என்கிறார்கள்.