கேளாத கெட்டிமேளம்

ஓணாங்குழி மேளக் குழுவில் மூன்று பேர்: நாயனம் சிங்காரம், தவில் கோதண்டம், தாளம் பக்கிரி. மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

சிங்காரத்தின் ஒரே மகள் பூங்கோதைக்குக் கல்யாணம் நிச்சயமானது. இதுவரை யாரும் வாசிக்காத மாதிரி வாசித்துவிட வேண்டும் என்று மனிதருக்கு வெறி. நல்ல பாட்டாகக் கேட்டுத் தேறலாமென்று டவுனுக்குப் போய் ஹெட்போன் வாங்கினார்.

"மனுஷக் காதுக்கு எட்டாத சத்தம்கூட இதுல வரும் சார். நாய்க்குத்தான் கேக்கும். ஆனா பாட்டுக்கு உயிரே அதுதான்," என்றான் கடைக்காரன்.

வீட்டுக்கு வந்து மூவரும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டார்கள்.

"கேக்குதாடா?"

"பாட்டு கேக்குதுண்ணே. அந்த உசிருதான் கேக்கல," என்றார் பக்கிரி.

"கேக்கலைன்னா இருக்குன்னுதானே அர்த்தம்!" என்றார் சிங்காரம்.

கோதண்டம் தீர யோசித்து ஒயரைப் பிடுங்கினார். "இப்பப் பாட்டும் கேக்கல. அப்ப வெறும் உசிரு மட்டும் வருதுண்ணே!"

சிங்காரத்துக்குப் புல்லரித்துவிட்டது. நாற்பது வருஷமாகக் கண்டவன் காதிலெல்லாம் விழுகிற மாதிரி வாசித்து மானத்தைக் கெடுத்துக்கொண்டோமே என்று அழுதேவிட்டார்.

அன்றே சாதகம் தொடங்கியது. சிங்காரம் நாயனத்துக்குச் சத்தம் தருகிற சீவாளியைக் கழற்றிவிட்டு ஊதினார். கோதண்டம் தோலுக்கு ஒரு சாண் மேலே அடித்தார். பக்கிரியின் தாளம் ஒருமுறை உரசிவிட, அவருக்கு அன்று மதியச் சோறு கிடையாது.

கல்யாணத்தன்று, கேட்கத் தெரிந்த ஒரே ரசிகர் என்று தெருநாய் ஒன்றை மணமேடையோரம் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். அது படுத்துத் தூங்கிவிட்டது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் விரலை ஆட்டினார். மூவரும் வேர்த்து விறுவிறுக்க வாசித்தார்கள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடியே இருந்தார். "மேளம் கொட்டட்டும் மாமா. அதுக்கு முன்னாடி கட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"அதான் கொட்டுறோமே மாப்பிள்ளை!"

"முகூர்த்தம் முடிய ரெண்டு நிமிஷம்தான் இருக்கு!" என்று ஐயர் கதறினார்.

சிங்காரம் நாயனத்தை இன்னும் உயரத் தூக்கினார். மகள் வாழ்க்கையாயிற்றே! மூச்சைப் பிடித்து, இன்னும் சத்தமில்லாமல் ஊதினார்.

பூங்கோதை அப்பாவைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். கால் கட்டைவிரலால் அதன் வாலை ஓர் அழுத்து அழுத்தினாள். நாய் மண்டபமே அதிர ஊளையிட்டது.

"அதுக்குக் கேட்டுடுச்சு! கட்டுங்க மாப்பிள்ளை!" என்று சிங்காரம் குதித்தார். மாப்பிள்ளையும் திருப்தியாக மூன்று முடிச்சுப் போட்டார்.

பந்தி முடிந்ததும், துண்டில் பத்திரமாகச் சுற்றிவைத்திருந்த செல்போனில் பதிவான கெட்டிமேளத்தை ஹெட்போனில் கேட்டார்கள். சிங்காரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட்டகாசம்டா! நம்ம வாசிப்புல ஒரு பொட்டுகூடக் கேக்கல. இந்த நாய்தான் நடுவுல கெடுத்துடுச்சு."

"அதுக்கு இன்னும் சாதகம் பத்தலண்ணே," என்றார் பக்கிரி. "நம்ம காதுலயே விழுந்துடுச்சு, பாருங்க!"