கார்னருக்கு யாரும் இல்லை

இந்தக் கதையை நான் நேரில் பார்த்ததில்லை. கடலோர ஊர் ஒன்றில் கபடி ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதும் அருள்ராஜ் எனக்குச் சொன்னார். பாதி அவர் அங்கேயே இருந்து பார்த்தது. மீதி, பின்னொரு நாள் ஜெனிட்டா அவரிடம் சொன்னது. கேட்டபடியே எழுதப் பார்க்கிறேன். சில வார்த்தைகள் மாறியிருக்கலாம்.

அந்த ஊரில் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர் குணவதி. வயது முப்பத்தொன்று. பகலில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பார். காலையிலும் மாலையிலும் மைதானத்தில் இருப்பார். அவரை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அக்கா.

அக்கா அதிகம் பேசமாட்டார். ஏதாவது கேட்டால், "ஆடு, பாப்போம்" என்பார். பல கேள்விகளுக்கு அதுதான் பதில்.

அவரிடம் ஆடியவர்களில் ஜெனிட்டா ரைடர். எதிரணிக்குள் தனியாக 'கபடி, கபடி' என்று பாடிப்போய், தொட்டுவிட்டுத் திரும்புகிறவள். முத்தரசி இடது கார்னர். ஓரத்தில் நின்று, பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிக்கிறவள். இருவருக்கும் இருபத்திரண்டு வயது. ஜெனிட்டா கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். முத்தரசி இறால் கம்பெனியில் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு மாவட்டக் கோப்பை அவர்களுக்குக் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் ஜெனிட்டா மட்டும் பதினான்கு புள்ளிகள் எடுத்தாள்.

ஊர் திரும்பி, வேனை விட்டு இறங்கி எல்லோரும் டீக்கடையில் நின்றார்கள். பெஞ்சில் இருந்த இரண்டு பேருக்குள் வாக்குவாதம் தொடங்கியது.

"பதினாலு புள்ளிலே! ஒத்த ஆளா கப்பத் தூக்கிட்டு வந்திருக்கா."

"ஒத்த ஆளா? அந்தக் கார்னர் பிள்ள புடிச்சுப் போடலேன்னா, உன் ரைடர் வெளிய உக்காந்து கடலை கொறிச்சிட்டு இருந்திருப்பா."

"புடிக்கது யாரு வேணா புடிக்கலாம். ஏழு பேருக்கு நடுவுல தனியா போயிட்டு வாரதுக்குத் தில்லு வேணும்."

"நீ போயி ஒருத்திய புடிச்சுக் காட்டுலே. உன் பல்ல மண்ணுல தேடணும்."

கடையே சிரித்தது. முத்தரசிதான் அதிகம் சிரித்தாள்.

"ஏட்டி ஜெனி, கடலை கொறிப்பியாம்ல! எனக்கும் ரெண்டு குடுட்டி."

ஜெனிட்டாவும் சிரித்தாள். டீயை முழுவதும் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுப்பவர்.

"உங்க வீடியோ பார்த்தோம்மா. திங்கட்கிழமை டிரையலுக்கு வாங்க. ரெண்டு இடம் காலியா இருக்கு. ஒண்ணு ரைடர், ஒண்ணு லெஃப்ட் கார்னர். எடுத்தா வேலையும் உண்டு."

"சரிங்க சார். ரொம்ப நன்றி சார்."

"இன்னொண்ணு. உங்க ஊர்ல இருந்து ரைடு மட்டும் வெட்டி அனுப்பியிருக்காங்க. மத்தவங்க ஆடுறதே அதுல தெரியல. உங்க டீம் கார்னர் எப்படி? நல்லா ஆடுவாங்கன்னா பேரு சொல்லுங்க, சேர்த்துக்கிறேன்."

ஜெனிட்டா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவரை விரல் நகத்தால் சுரண்டினாள்.

"கார்னரா சார்?"

"ஆமா."

"சொல்லிக்கிற மாதிரி யாரும் இல்ல சார்."

"சரிம்மா. நீங்க வந்துருங்க."

போனை வைத்தபின் அவள் தனக்குத்தானே சில காரணங்கள் சொல்லிக்கொண்டாள். முத்தரசி அம்மாவை விட்டு வெளியூர் வரமாட்டாள். அவள் சான்றிதழ்களைத் தேடி எடுக்கவே ஒரு மாதம் ஆகும். வந்தாலும் எடுப்பார்கள் என்று என்ன நிச்சயம்.

காரணம் கேட்டு யாரும் அவள் முன்னால் நிற்கவில்லை.

வெள்ளியும் சனியும் அவள் பயிற்சிக்குப் போகவில்லை. ஞாயிறு காலை, மற்றவர்கள் வருமுன்பே மைதானத்துக்குப் போனாள். அக்கா சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் அருள்ராஜ் நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இறுதி ஆட்டத்துல நான் எடுத்த பதினாலு புள்ளியும் என்னோடதா, டீமோடதா?"

அக்கா நிமிராமல் கோட்டை முடித்தார்.

"எதுக்குக் கேக்கே?"

"ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க."

"நான் என்ன ஜட்ஜா? எல்லாரும் வரட்டும். ஆடு, பாப்போம்."

பதினான்கு பேரும் வந்தபின் அக்கா அணி பிரித்தார். ஜெனிட்டாவும் முத்தரசியும் எப்போதும்போல ஒரே பக்கம். பிறகு அக்கா சொன்னார்:

"இன்னைக்கு ஒரு மாத்தம். வெளிய போனவ வெளியதான். புள்ளி எடுத்தாலும் யாரும் திரும்ப உள்ள வரக்கூடாது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கமான ஆட்டத்தில் அவுட் ஆனவள், கோட்டுக்கு வெளியே போட்ட கட்டத்தில் போய் உட்காருவாள். அவள் அணி ஒரு புள்ளி எடுத்ததும், முதலில் வெளியே போனவள் முதலில் உள்ளே வருவாள். அப்படித்தான் அவர்கள் ஆடிப் பழகியிருந்தார்கள்.

"அப்படி ஒரு ஆட்டம் உண்டாக்கா?" என்றாள் புதிதாகச் சேர்ந்த லில்லி.

"முன்னாடி உண்டு. ஆடுங்க."

ஜெனிட்டா முதல் ரைடில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். அடுத்ததில் ஒருத்தி. எதிர்ப்பக்கம் நான்கு பேர்தான் மிச்சம். மூன்றாவது ரைடில் கொஞ்சம் அலட்சியமாக உள்ளே போய்விட்டாள். லில்லி கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து அவள் காலைப் பிடித்தாள். மற்ற மூவரும் மேலே விழுந்தார்கள்.

"புடிச்சிட்டேன்! நான் ஜெனி அக்காவப் புடிச்சிட்டேன்!"

"சரிட்டி, மொதல்ல கால விடு" என்றாள் ஜெனிட்டா.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கட்டத்தில் போய் உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கி நான்கு நிமிடம் ஆகியிருந்தது என்று அருள்ராஜ் சொன்னார்.

அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி பாடி வந்தாள். முத்தரசி ஓரத்தில் குனிந்து நின்றாள். வந்தவள் காலை நீட்டிய நொடியில் கணுக்காலைப் பிடித்து, தோளால் முட்டிச் சாய்த்தாள். விசில் கேட்டது.

முத்தரசி எழுந்தாள். குதிக்கவில்லை, தொடையைத் தட்டவில்லை. கட்டத்தின் பக்கம் திரும்பி ஒரு கையைத் தூக்கினாள்.

"வா ஜெனி!"

ஜெனிட்டா பாதி எழுந்துவிட்டாள். பிறகு விதி நினைவுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அய்யோ, மறந்துட்டேன்" என்றாள் முத்தரசி.

ஆட்டம் தொடர்ந்தது. ஜெனிட்டா இல்லாததால் அதே அணியின் சசிகலா ரைடு போனாள். யாரையும் தொடாமல் திரும்பினாள். மறுபடி போனாள். மறுபடி வெறுமனே வந்தாள். எதிர்ப்பக்கத்தார் அவசரப்படவில்லை. கோட்டை ஒட்டி நின்று நேரம் கடத்தினார்கள். வெயில் ஏறியது. ஜெனிட்டா ஒருநாளும் அந்தக் கட்டத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. எப்படி உட்காருவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. காலை மடக்கினாள், நீட்டினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்ணே?" என்று அருள்ராஜிடம் கேட்டாள்.

"தெரியலம்மா. உன்ன இந்த இடத்துல இவ்வளவு நேரம் நானும் பாத்ததில்ல."

முத்தரசி இரண்டாவது ஆளைப் பிடித்தாள். இந்த முறை இழுபறி. அவள் முழங்கை தரையில் உரசித் தோல் போயிற்று. விசில் வந்ததும் மண்ணோடு எழுந்தாள். கட்டத்தின் பக்கம் திரும்பினாள். கை தூக்கினாள்.

"வா—"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். "ஏட்டி முத்து, உனக்கு மண்டைல ஏறாதா?" என்றாள் சசிகலா.

"கை தானா போவுதுட்டி, நான் என்ன செய்ய?"

ஜெனிட்டா சிரிக்கவில்லை.

அந்தக் கையை அவள் நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எழுந்து ஓடியிருக்கிறாள். அதற்கு முன்னால் அங்கே யார் விழுந்து கிடந்தார்கள், யார் முழங்கை தேய்ந்தது என்று பார்த்ததில்லை. உள்ளே ஓடும்போது அவள் கண் எதிரணியின் மேல்தான் இருக்கும்.

மூன்றாவது ஆளையும் முத்தரசிதான் பிடித்தாள். மூன்றாவது தடவையும் திரும்பினாள். இந்த முறை கை பாதி வரை போய் நின்றது. அவள் அதை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைச் சரிசெய்வதுபோல் நடித்தாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று அருள்ராஜ் நினைத்தார். அழவில்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

ஆட்டம் முடிந்தது. பெண்கள் குழாயடிக்குப் போனார்கள். முத்தரசி முழங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "எரியுதுட்டி, மெதுவா ஊத்து" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெனிட்டா கட்டத்தைவிட்டு எழவில்லை. அக்கா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எத்தன நிமிசம் உக்காந்திருந்தே?"

"தெரியலக்கா."

"இருபத்தஞ்சு" என்றார் அருள்ராஜ்.

"இறுதி ஆட்டத்துல?"

அருள்ராஜ் பழைய ஸ்கோர் தாளைத் தேடினார். "ஆறு தடவ வெளிய வந்திருக்கா. ஒரு தடவகூட ரெண்டு நிமிசம் தாண்டல."

ஜெனிட்டா சுண்ணாம்புக் கோட்டை விரலால் தொட்டாள்.

"அக்கா."

"சொல்லு."

"வியாழக்கிழம எனக்கு ஒரு போன் வந்துச்சு. நாளைக்கு டிரையல். வேலைக்கு எடுக்காங்க."

"நல்லது. ஏன் சொல்லல?"

"அவங்களுக்கு லெஃப்ட் கார்னரும் வேணுமாம்."

அக்கா குழாயடியைப் பார்த்தார். பிறகு ஜெனிட்டாவைப் பார்த்தார்.

"உங்க டீம் கார்னர் எப்படின்னு எங்கிட்ட கேட்டாங்கக்கா."

"நீ என்ன சொன்னே?"

ஜெனிட்டா அருள்ராஜைத் திரும்பிப் பார்த்தாள். அருள்ராஜ் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தார். நாற்காலி சத்தம் போடும் என்று அசையாமல் இருந்துவிட்டார்.

"சொல்லிக்கிற மாதிரி யாரும் இல்லன்னு சொல்லிட்டேன்."

குழாயடியில் முத்தரசி ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"எதுக்கு அப்படிச் சொன்னேன்னு தெரியலக்கா. மூணு நாளா யோசிக்கேன். அவளும் அங்க வந்தா..." அவள் நிறுத்தினாள். "அதான் உங்ககிட்ட வந்து கேட்டேன். அந்தப் புள்ளியெல்லாம் என்னோடதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா, நான் சொன்னது அவ்வளவு தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்."

அக்கா எழுந்தார். கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"எங்கிட்ட எதுக்குட்டி வந்து கேட்டே? போன்ல அந்தப் பதிலச் சொன்னியே, அப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கு."



அருள்ராஜ் சொன்ன கதை இவ்வளவுதான். அதன்பின் அவள் அந்தத் தேர்வாளருக்குப் போன் செய்தாளா, முத்தரசியிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அதை அவள் சொல்லவில்லை என்றார். தானும் கேட்கவில்லை என்றார்.

நான் சரிபார்க்க முடிந்தது ஒன்றுதான். அந்தத் துறை, டிரையலுக்கு வந்தவர்களின் பெயர்களையும் முடிவையும் ஒரே தாளில் வெளியிட்டிருந்தது. வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். முத்தரசியின் பெயர் இல்லை. கீழே, ரைடர் என்ற இடத்துக்கு எதிரே ஜெனிட்டாவின் பெயர் இருக்கிறது. இடது கார்னர் என்ற இடத்துக்கு எதிரே, "தகுதியானவர் எவரும் இல்லை" என்று அச்சாகியிருக்கிறது.